பழைய ஹார்ட் டிஸ்க்கிற்கு எந்த கேஸிங் வாங்கலாம்?

விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கான பொதுவான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக் கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத கம்ப்யூட்டர்களை வைத்திருந்த பலர் புதிய லேப்டாப்பிற்கு மாறியுள்ளனர். அவர்கள் வீட்டுப் பரணைப் பார்த்தால் அதற்கும் முந்தைய ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் தூசியுடன் இருக்கும். அதன் மானிட்டர் போயிருக்கலாம், மதர் போர்டு போயிருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் உயிருடன் இருக்கும். குழந்தைகளின் முதல் போட்டோக்கள், கல்யாண வீடியோ, கடிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

இந்த டிஸ்க்கைக் கழற்றி ஒரு பெட்டியில் பொருத்தி, யு.எஸ்.பி. கேபிள் வழியாகப் புதிய கம்ப்யூட்டரில் இணைத்துப் படிக்கலாம். அந்தப் பெட்டிக்கு எக்ஸ்டெர்னல் என்குளோசர் என்று பெயர். கடைகளில் கேஸிங் என்று கேட்டால் எளிதில் புரிந்து கொள்வார்கள். என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, எந்த கேஸிங் நல்லது என்பதுதான். நான் திரும்பக் கேட்பது, உங்கள் டிஸ்க் எது என்பது. டிஸ்க்கைப் பார்க்காமல் கேஸிங் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போலத்தான்.

முதலில் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள்

கம்ப்யூட்டரின் மின் இணைப்பை நீக்கிவிட்டு, கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறக்கவும். உள்ளே இருக்கும் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு, உடலில் உள்ள நிலை மின்சாரத்தை இறக்கிய பின் டிஸ்க்கைக் கழற்றவும். டெஸ்க்டாப் டிஸ்க்கை 3.5 அங்குல டிஸ்க் என்பார்கள். இதன் அகலம் ஏறத்தாழ 10 செ.மீ. லேப்டாப்பில் இருப்பது 2.5 அங்குல டிஸ்க். அது உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இனி டிஸ்க்கின் பின்புற இணைப்புகளைப் பார்க்கவும். அதில் இரண்டு வகைகள் உண்டு.

1. ஐ.டி.இ. டிஸ்க்: இதில் இரண்டு வரிசையாகக் கம்பி போன்ற பின்கள் நீட்டிக் கொண்டிருக்கும். இதனை 40 பின் இணைப்பு என்பார்கள். எண்ணிப் பார்த்தால் நடுவில் ஒரு பின் இருக்காது. அது உடைந்து போனதல்ல. கேபிளைத் தலைகீழாகச் செருகாமல் இருக்க அப்படி அமைத்துள்ளனர். பக்கத்தில் தடிமனான 4 பின்கள் கொண்ட மின் இணைப்பு இருக்கும்.

2. சாட்டா டிஸ்க்: இதில் பின்கள் நீட்டிக் கொண்டிருக்காது. ஆங்கில எல் எழுத்து வடிவில் இரண்டு பட்டையான பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். சிறியது டேட்டாவுக்கு, பெரியது மின்சாரத்திற்கு.

சாட்டா டிஸ்க்குகள் 2003ஆம் ஆண்டில் விற்பனைக்கு வரத் தொடங்கின. 2006ஆம் ஆண்டில் இன்டெல் தன் டெஸ்க்டாப் சிப்செட்டுகளில் ஐ.டி.இ. வசதியைக் கைவிட்டது. எனவே உங்கள் கம்ப்யூட்டர் 2003க்கு முன் வாங்கியது என்றால் ஐ.டி.இ., 2008க்குப் பின் என்றால் பெரும்பாலும் சாட்டா. இடைப்பட்ட காலம் என்றால் எதுவாகவும் இருக்கலாம், திறந்து பார்ப்பதே வழி. டிஸ்க்கின் மேல் மாக்ஸ்டர், சாம்சங், ஹிட்டாச்சி என்ற பெயர்களைக் கண்டு கவலைப்பட வேண்டாம். மாக்ஸ்டரை 2006லும் சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவை 2011லும் சீகேட் வாங்கிக் கொண்டது. ஹிட்டாச்சியின் பிரிவு 2012ல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. நிறுவனம் கைமாறினாலும் இணைப்பு முறை மாறவில்லை.

கேஸிங்கா, டாக்கா, கேபிளா?

டிஸ்க் எது என்று தெரிந்த பின், அதனை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்திடவும். கடையில் மூன்று வகையான சாதனங்கள் கிடைக்கின்றன.

முதலாவது கேஸிங். டிஸ்க்கை உள்ளே வைத்து மூடிவிடலாம். தூசி, கைபடுதல் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புபவர்களுக்கு இதுதான் சரி.

இரண்டாவது டாக். பிரெட் டோஸ்டரில் பிரெட்டைச் செருகுவது போல, டிஸ்க்கை நிற்க வைத்துச் செருகலாம். இரண்டு மூன்று டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியவர்களுக்கு வசதியானது. ஆனால் டிஸ்க் திறந்தபடி நிற்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஓடிக் கொண்டிருக்கும்போது தட்டிவிடும் அபாயம் உண்டு.

மூன்றாவது அடாப்டர் கேபிள். ஒரு முனையில் யு.எஸ்.பி., மறுமுனையில் ஐ.டி.இ. மற்றும் சாட்டா இணைப்புகள் இருக்கும். ஒருமுறை டேட்டாவை எடுத்தால் போதும் என்பவர்களுக்கு இதுவே போதும். ஐ.டி.இ. டிஸ்க்கிற்கான கேஸிங்குகள் இப்போது அரிதாகிவிட்டதால், ஐ.டி.இ. டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு நான் பெரும்பாலும் இந்தக் கேபிளைத்தான் சிபாரிசு செய்கிறேன். அந்த வயதுள்ள டிஸ்க்கைப் புதுப் பெட்டியில் போட்டு ஆண்டுக் கணக்கில் பயன்படுத்த நினைப்பதும் சரியல்ல.

மின்சாரத்தில் ஏமாற வேண்டாம்

பலர் தவறான பொருளை வாங்கி வருவது இங்கேதான். 2.5 அங்குல டிஸ்க்கிற்கு 5 வோல்ட் போதும். யு.எஸ்.பி. கேபிள் வழியாகவே அது கிடைத்துவிடும். 3.5 அங்குல டிஸ்க்கிற்கு 5 வோல்ட்டுடன் 12 வோல்ட் மின்சாரமும் வேண்டும். அதன் தட்டுகளைச் சுழற்றும் மோட்டார் 12 வோல்ட்டில்தான் இயங்குகிறது. யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். யு.எஸ்.பி. 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர், 4.5 வாட். தட்டுகள் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் டெஸ்க்டாப் டிஸ்க் 20 வாட் அளவுக்குக்கூடக் கேட்கலாம். எனவே தனி மின் அடாப்டர் இல்லாத எந்த கேஸிங்கும் கேபிளும் உங்களுக்கு உதவாது. சாட்டா இணைப்பு இரண்டு அளவு டிஸ்க்குகளிலும் ஒரே மாதிரி இருப்பதால், லேப்டாப் டிஸ்க்கிற்கான கேபிள் டெஸ்க்டாப் டிஸ்க்கிலும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் டிஸ்க் ஓடாது.

அடாப்டரின் மேல் 12 வோல்ட், 2 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டிருக்க வேண்டும். கேஸிங்குடன் வந்த அடாப்டரின் மேல் ஒரு சீட்டை ஒட்டி, ஹார்ட் டிஸ்க் என்று எழுதி வையுங்கள். லேப்டாப்பிற்கான 19 வோல்ட் அடாப்டரின் முனையும் சில சமயம் இதே துளையில் நுழைந்துவிடும். அப்படிச் செருகினால் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு எரிந்துவிடும்.

வேகம் எவ்வளவு தேவை?

யு.எஸ்.பி. 2.0 நொடிக்கு 480 மெகாபிட் என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. நடைமுறையில் நொடிக்கு 30 மெகாபைட் கிடைத்தால் நல்லது. இந்த வேகத்தில் 80 ஜிபி டிஸ்க் முழுவதையும் காப்பி செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். ஐ.டி.இ. டிஸ்க்கிற்கு இதுவே போதுமானது.

500 ஜிபி சாட்டா டிஸ்க் என்றால் இதே வேகத்தில் நான்கரை மணி நேரத்திற்கு மேல் ஆகிவிடும். எனவே சாட்டா டிஸ்க்கிற்கு யு.எஸ்.பி. 3.0 கேஸிங் வாங்கவும். டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் தந்தால் அதே வேலை ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். சிறு சிறு பைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இதைவிடக் கூடுதல் நேரம் ஆகலாம். பெட்டியின் மேல் 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்றெல்லாம் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். யு.எஸ்.பி. 3.0க்குப் பின்னர் வைத்த பெயர்கள்தான் இவை. எல்லாம் 5 கிகாபிட் வேகமே. நொடிக்கு 10 கிகாபிட் என்று விளம்பரம் செய்யும் கேஸிங்கிற்கு அதிகப் பணம் தர வேண்டியதில்லை. சுழலும் டிஸ்க்கால் அந்த வேகத்தின் அருகில்கூட வர முடியாது.

கொள்ளளவும் சூடும்

கேஸிங்கின் உள்ளே, டிஸ்க்கின் மொழியை யு.எஸ்.பி. மொழிக்கு மாற்றித் தரும் ஒரு சிறிய சிப் இருக்கும். அது எவ்வளவு பெரிய டிஸ்க்கைக் கையாளும் என்று கேட்டு வாங்க வேண்டும். மிகப் பழைய ஐ.டி.இ. கேஸிங்குகள் 137 ஜிபி வரைதான் படிக்கும். பழைய சாட்டா கேஸிங்குகள் பல 2 டிபியில் நின்றுவிடும். பிற்காலத்தில் பெரிய டிஸ்க் போடும் எண்ணம் இருந்தால் இதனைக் கவனிக்கவும். 80 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 74.5 ஜிபி என்று காட்டுவது குறைபாடு அல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 வீதம் எண்ணுகிறது. அவ்வளவுதான்.

அடுத்தது சூடு. பல டிஸ்க்குகளுக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் உச்ச வரம்பு. நம் ஊர்க் கோடையில் அறையே 35 டிகிரியைத் தாண்டுகிறது. எனவே மூடிய பிளாஸ்டிக் பெட்டியைத் தவிர்க்கவும். டிஸ்க்கின் உடல் பெட்டியின் சுவரைத் தொடும்படி அமைந்த அலுமினியக் கேஸிங் வெப்பத்தை வெளியே கடத்திவிடும். ஒரு மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து இயக்கினால், காற்றுத் துளைகளும் சிறிய விசிறியும் உள்ள கேஸிங் இன்னும் நல்லது. மலிவான விசிறிகள் சில மாதங்களில் இரையத் தொடங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொருத்தும்போது

சாட்டா டிஸ்க்கைத் தள்ளிச் செருகினால் போதும். ஐ.டி.இ. டிஸ்க்கில் ஜம்பர் என்ற சிறிய பிளாஸ்டிக் மூடியைக் கவனிக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தால், ஒன்று ஸ்லேவ் என அமைக்கப்பட்டிருக்கும். அதனை மாஸ்டர் நிலைக்கு மாற்றவும். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐ.டி.இ. டிஸ்க் தனியாக இயங்க வேண்டும் என்றால் ஜம்பரையே எடுத்துவிட வேண்டும். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற படம் பெரும்பாலும் டிஸ்க்கின் லேபிளிலேயே இருக்கும்.

முதலில் மின் அடாப்டரை இணைத்து, டிஸ்க் சுழலும் மெல்லிய ஒலி கேட்ட பின் யு.எஸ்.பி. கேபிளை இணைக்கவும். டக் டக் என்று ஒரே தாளத்தில் அடிக்கும் ஒலி கேட்டால் உடனே நிறுத்திவிடவும். படிக்கும் முனைகள் பழுதாகி இருக்கலாம். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தால் தட்டுகளில் கீறல் விழுந்து, மீட்கக் கூடியதும் மீட்க முடியாமல் போய்விடும். அதில் முக்கியமான டேட்டா இருந்தால் டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொடுப்பதே வழி.

மின்வெட்டையும் மனதில் கொள்ளவும். கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடிக் கொண்டிருக்கும். ஆனால் கேஸிங்கிற்குப் பேட்டரி கிடையாது. பாதி காப்பியில் டிஸ்க் நின்றுவிடும். வீட்டில் யு.பி.எஸ். இருந்தால் கேஸிங்கின் அடாப்டரை அதில் செருகவும்.

பார்மட் செய்யவா என்று கேட்டால்?

டிஸ்க்கை இணைத்தவுடன், இதனைப் பயன்படுத்த முதலில் பார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் சில சமயம் ஒரு செய்தியைக் காட்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால் இனிஷியலைஸ் செய்யவா என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் உங்கள் பதில் கேன்சல் மட்டுமே. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்பதைத்தான் விண்டோஸ் இப்படிச் சொல்கிறது. டிஸ்க் காலியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

என் பெரியப்பா, மூன்று தலைமுறைக் குடும்ப வரலாற்றை 2004ல் தன் கம்ப்யூட்டரில் டைப் செய்து வைத்திருந்தார். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. அவர்களில் யாரும் இன்று இல்லை. கம்ப்யூட்டர் பழுதான பின் அதன் 80 ஜிபி ஐ.டி.இ. டிஸ்க்கை ஒரு கடைக்கு எடுத்துச் சென்றார். அங்கே ஒரு கேஸிங்கில் பொருத்தியபோது பார்மட் செய்தி வந்தது. பார்மட் செய்து தருகிறோம், டிஸ்க் நன்றாக ஓடும் என்றார்களாம். பெரியப்பா சம்மதிக்காமல், டிஸ்க்கையும் கேஸிங்கையும் வாங்கிக் கொண்டு என்னிடம் வந்தார்.

நான் இணைத்தபோது டிஸ்க் சுழலத் தொடங்கி, சில நொடிகளில் தணிந்து, மீண்டும் சுழன்றது. அடாப்டரைப் பார்த்தேன். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தது. அதே துளைக்குப் பொருந்தும் 2 ஆம்பியர் அடாப்டரை மாற்றியவுடன் டிஸ்க் சீராகச் சுழன்றது. மூன்று டிரைவ்களும் வரிசையாகத் தோன்றின. பார்மட் செய்தி வரவே இல்லை. எனவே இந்தச் செய்தி வந்தால் முதலில் அடாப்டரையும், அடுத்து கேபிளையும், பின்னர் யு.எஸ்.பி. போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் வேறு கேஸிங்கில் பாருங்கள். அதன் பிறகுதான் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும்.

எதையெல்லாம் எடுக்க வேண்டும்?

டிஸ்க் திறந்துவிட்டால் பழைய சி டிரைவ் இப்போது இ அல்லது எஃப் என்ற பெயரில் தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி டிஸ்க் என்றால் டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற போல்டரில் உங்கள் பெயருள்ள போல்டரைத் திறக்கவும். விண்டோஸ் 7 என்றால் யூசர்ஸ் போல்டர். அனுமதி இல்லை என்று செய்தி வந்தால் கன்டினியூ கிளிக் செய்திடவும். சிறிது நேரத்தில் திறக்கும். மை டாக்குமெண்ட்ஸ் மட்டுமல்லாமல் டெஸ்க்டாப் போல்டரையும் காப்பி செய்திடவும். அந்தக் காலத்தில் பலர் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தார்கள்.

தமிழில் டைப் செய்தவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பான்ட்ஸ் போல்டரையும் காப்பி செய்து கொள்ளவும். அன்று யூனிகோட் பரவலாகவில்லை. தமிழக அரசு 1999ல் டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளை ஏற்றது. யூனிகோடிற்கு அரசு மாறியது 2010ல்தான். பெரியப்பாவின் பைலைத் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரிந்தன. அவர் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. அதே டிஸ்க்கில் இருந்த அந்த எழுத்துருவைப் புதிய கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்தவுடன் எல்லாம் தமிழாகத் தெரிந்தது. பின்னர் யூனிகோடிற்கு மாற்றி ஒரு பிரதியும் எடுத்து வைத்தோம்.

பழைய டிஸ்க்கில் உள்ள புரோகிராம்களை அப்படியே இயக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் முடியாது. அவை அந்தக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யப்பட்டவை. பைல்களை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

காப்பி செய்யும்போது ஒரே நேரத்தில் முழு டிரைவையும் இழுத்துவிட வேண்டாம். மிக முக்கியமான போல்டரிலிருந்து தொடங்கிப் பகுதி பகுதியாக எடுக்கவும். வழியில் டிஸ்க் நின்றுபோனாலும் வேண்டியது கைக்கு வந்திருக்கும். ஒரு பைலில் நின்று தடுமாறினால் ஸ்கிப் கொடுத்து மேலே செல்லவும். வேலை முடிந்ததும் சேப்லி ரிமூவ் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்தே கேஸிங்கை நகர்த்தவும். சுழலும் டிஸ்க்கை அசைக்கக் கூடாது.

அதன் பிறகு அந்த டிஸ்க்கை நம்பலாமா?

கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராம், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியுள்ளது, எத்தனை பழுதான பகுதிகள் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன என்று காட்டும். சில கேஸிங்குகளின் சிப் இந்தத் தகவலைக் கடத்தாது. காஷன் என்று மஞ்சள் நிறத்தில் காட்டினால், டேட்டாவை எடுத்தவுடன் அந்த டிஸ்க்கிற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி செய்து, திறந்து பார்த்து உறுதி செய்த பின், என்.டி.எஃப்.எஸ். முறையில் பார்மட் செய்து இரண்டாவது பிரதிக்காகப் பயன்படுத்தலாம். பழைய எஃப்.ஏ.டி. 32 முறையில் விட்டுவைத்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைலை அதில் பதிய முடியாது.

ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளவும். கேஸிங் புதியது, டிஸ்க் பழையதுதான். அதில் மட்டுமே உள்ள பைல் எதுவும் இருக்கக் கூடாது.

கடைக்குச் செல்லும் முன்

டிஸ்க்கையே கையோடு எடுத்துச் செல்ல வேண்டாம். அதன் லேபிளையும் பின்புற இணைப்பையும் மொபைல் போனில் படம் எடுத்துச் செல்லுங்கள். கடையில் கீழ்க்கண்டவற்றைச் சரி பார்க்கவும்.

* 3.5 அங்குல டிஸ்க்கிற்கானதா?
* ஐ.டி.இ. அல்லது சாட்டா, உங்கள் டிஸ்க்கின் இணைப்பு உள்ளதா?
* 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் பெட்டிக்குள் உள்ளதா?
* சாட்டா என்றால் யு.எஸ்.பி. 3.0 தானா? அதற்கான கேபிள் உடன் வருகிறதா?
* எத்தனை டிபி வரை படிக்கும்?
* அலுமினியமா, காற்றுத் துளைகள் உள்ளனவா?
* பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா?

இந்த ஏழு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால், எந்த நிறுவனத்தின் கேஸிங் என்பது இரண்டாவது விஷயம்தான். வாங்கி வந்த அன்றே டிஸ்க்கை இணைத்து டேட்டாவை எடுத்துவிடுங்கள். பல ஆண்டுகள் சுழலாமல் கிடந்த டிஸ்க் இன்று ஓடினால், அடுத்த ஆண்டும் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.